ரெடிமேட் அண்ணாச்சி திறந்து பார்த்த ரேடியோ

கடையில் விற்கிற எதையும் கடையில் வாங்கக் கூடாது என்று பிடிவாதமாக வாழ்ந்து காட்டிய மனிதர் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ரெடிமேட் அண்ணாச்சி. அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் விலக்கு கொடுத்திருந்தார். உப்புக்குக் கொடுக்கவில்லை. "சுத்தி எங்க பாத்தாலும் கடல் கெடக்கு. இதுல உப்பைப் போயி மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல எறக்குதானுவளே, கூறு வேண்டாமா?" என்று சொல்லி, எங்கள் மெஸ் குண்டானில் கடல் தண்ணீரைக் காய்ச்சி ஒரு சாம்பல் நிறப் பொடி தயாரித்தார். அன்றைக்குச் சாம்பார் சாப்பிட்டவர்கள் யாரும் மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை.

அறுபதுகளில் போர்ட் பிளேரில் ஒரு மேட்டின் மேல் இருந்த பேச்சிலர் குவார்ட்டர்ஸில் தமிழ் குமாஸ்தாக்கள் சிலர் சேர்ந்து மெஸ் நடத்திக்கொண்டிருந்தோம். எங்களில் மூத்தவர் அவர். பாளையங்கோட்டைக்காரர். ஒரு சர்க்கார் ஆபீசில் ஸ்டோர் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. யார் எதை வாங்கிக்கொண்டு வந்தாலும் உதட்டைப் பிதுக்கி "ரெடிமேடா?" என்று கேட்பார். சாராயக் குப்பியைப் பார்த்த சாமியார்கூட அவ்வளவு வெறுப்போடு கேட்டிருக்க மாட்டார். அதனால் அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

சட்டையைத் தானே தைத்துக்கொள்வார். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருக்கும். "எழுதுத கைக்கு மை படும்லா, அதான் குட்டை" என்று விளக்கம் வேறு. பழைய ஜீப் டயரில் அவர் வெட்டிய செருப்பு நடக்கும்போது அவரைவிட அரை அடி முன்னால் போகும். தார்ப்பாயில் ஒரு குடை செய்தார். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை கொட்டுகிற ஊர். குடை மழைக்கு அசையவில்லை, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு தடவை விரித்தால் மடக்க முடியாது. ஆபீஸ் வாசலில் நுழையாது. மழை விடும் வரைக்கும் குடையும் அவரும் வெளியே நிற்பார்கள். சூப்பரின்டெண்டென்ட் கேட்டால், "நான் டயத்துக்கு வந்துட்டேன் சார், குடைதான் லேட்டு" என்பார்.

இப்படி இருந்தவரிடம்தான், புத்தி கெட்டுப்போய், ரேடியோ பற்றிப் பேச்செடுத்தோம்.

எங்களுக்கு அப்போது பெரிய ஏக்கமே தமிழ் கேட்பதுதான். ஆபீசில் ஹிந்தி, பஜாரில் ஹிந்தி, பக்கத்து வீட்டில் வங்காளி, எதிர்வீட்டில் தெலுங்கு. கப்பல் வந்தால்தான் பேப்பர், அதுவும் பழசு. அபர்தீன் பஜாரில் மரைக்காயர் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் புது ரேடியோ ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து வரும் தமிழ்ப் பாட்டு அதில் கேட்கும் என்று மரைக்காயர் உத்தரவாதம் கொடுத்தார். எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து கடைக்குப் போனோம். அண்ணாச்சியும் கூட வந்தார்.

"மரைக்காயரே, இதுக்குள்ள என்ன இருக்குன்னு உமக்குத் தெரியுமா?"

"பாட்டு இருக்கு அண்ணாச்சி."

"பாட்டு வானத்துல இருக்குவே. பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கேன். உள்ள இருக்கது தெரியாம ஒருத்தன் ஒரு சாமானை வாங்கலாமா?"

மரைக்காயர் சிரித்தார். "ஊர்ல எல்லாரும் பொண்ணு கட்டுறாங்க. உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுட்டா கட்டுறாங்க?"

"அதனாலதாம்வே நான் கட்டல."

கடைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எங்கள் தீர்மானமும் கரைந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் மேடு ஏறிக்கொண்டே அண்ணாச்சி பிரசங்கம் செய்தார். வால்வு, காயில், கண்டென்ஸர், ஸ்பீக்கர், இவ்வளவுதானாம். மெட்ராசில் தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் பாதி விலை. கடைக்காரன் ரேடியோ கெட்டால் கப்பலில் அனுப்ப வேண்டும். நாமே செய்தது கெட்டால் நாமே சரிசெய்வோம். "வாங்குனவனுக்கு அது பாடுத வரைக்கும்தான் சொந்தம். செஞ்சவனுக்கு அது பாடாமப் போனாலும் சொந்தம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதில் இரண்டாவது பாதிதான் எங்களுக்கு வாய்க்கப் போகிறது என்று அப்போது புரியவில்லை.

முதல் கப்பலில் வால்வுகள் வந்தன, தூளாக. அடுத்த கப்பலில் வால்வு முழுசாக வந்தது, ஸ்பீக்கரின் காகிதத்தை எலி தின்றிருந்தது. அதற்கடுத்த கப்பல் புயலால் வரவே இல்லை. இதற்கிடையில் ஒருநாள் காலையில் எங்கள் சமையல்காரர் அலறினார். இட்லிக் கொப்பரையின் மூடியில் வட்ட வட்டமாக ஓட்டைகள். வால்வுகளை நிறுத்த அலுமினியத் தகடு வேண்டுமாம், இந்தத் தீவிலேயே அந்த மூடிதான் சரியான கனமாம்.

"இட்லி எப்படி அண்ணாச்சி வேகும்?" என்று கேட்டேன்.

"இட்லி இன்னைக்குத் தின்னா நாளைக்குப் போச்சு. ரேடியோ அப்படியா?"

அன்று முதல் எங்களுக்கு உப்புமா. துணி காயப்போடும் கம்பி ஏரியலாகிக் கூரையிலிருந்து தென்னை மரத்துக்குப் போனது. பக்கத்து வீட்டு வங்காளி பாபு அந்தத் தென்னையில் தேங்காய் பறிக்க ஆள் ஏற்றியபோது, கம்பியோடு தேங்காய்க் குலை ஒன்று ஊஞ்சலாடி வந்து எங்கள் கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு இறங்கியது. என் படுக்கைக்கு நேர் மேலே. அந்த மழைக்காலம் முழுக்க நான் வாளியோடு படுத்திருந்தேன்.

கடைசியில் படாக் மரத்தில் பெட்டி செய்து, எல்லாவற்றையும் பூட்டி, ஒரு சாயங்காலம் அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். பெட்டி உறுமியது. வால்வுகள் சிவந்தன. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாட்டு வந்தது! கணீரென்று ஒரு பெண் குரல். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். அதன்பிறகுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன. ஒன்றும் புரியவில்லை.

"இது என்ன பாஷை அண்ணாச்சி?"

"பர்மாக்காரி பாடுதா."

"கொழும்பு?"

அவர் முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினார். எங்கே திருப்பினாலும் பர்மாக்காரிதான். அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. "ரேடியோ சரியாத்தாம்வே இருக்கு. நாமதான் தப்பான எடத்துல இருக்கோம். இங்கேருந்து ரங்கூன் பக்கம், மெட்ராஸ் தூரம். அதுக்கு அது என்ன செய்யும்?"

கூடவே இன்னொரு சங்கதி. பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். முள்ளைத் திருப்ப வேண்டுமானால் பலகை மேல் ஏறி, இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திருப்ப வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் அப்படித் திருப்பிக்கொண்டிருந்தபோது அவர் சட்டை பாக்கெட் இல்லாத ரகம், இடது கை பெட்டி மேல் போய்விட்டது. நல்லவேளை, பலகை கெட்டியானது.

மெஸ் உடைந்தது. நான் நடு அந்தமான் தீவிலுள்ள ரங்கத் என்ற ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனதற்கு உண்மையான காரணம் அந்த ரேடியோதான் என்று சொன்னால் எங்கள் டிபார்ட்மென்ட் இன்றைக்கும் நம்பாது.

ரங்கத் போன மறுவருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. செண்பகம் தென்காசிப் பெண். அவள் வீட்டில் அக்கா, தங்கை, அத்தை, சித்தி என்று எந்நேரமும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அங்கிருந்து கப்பலேறி, போட் ஏறி, நடு அந்தமானில் ஒரு தகரக் கூரை வீட்டுக்கு வந்து இறங்கினாள். பின்னால் காடு. முன்னால் வயல். அக்கம்பக்கமெல்லாம் வங்காளிக் குடியேறிகள். அவளுக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாது. நானோ பிறவியிலேயே அதிகம் பேசாதவன். "சாப்பிட்டியா?" "ம்." "மழை விட்டுச்சா?" "ம்." எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தமிழ்.

ஒரு மாதம் போவதற்குள் அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, கோபம் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, அடுத்த கப்பல்ல என்னை ஊருக்கு அனுப்பி வச்சிருங்க. இங்கன எனக்கு என் குரலே மறந்துபோயிரும் போலிருக்கு."

மறுநாளே லீவு போட்டு போட்டில் போர்ட் பிளேருக்குப் போய், மரைக்காயர் கடையில் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்கி வந்தேன். அண்ணாச்சியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அதைத் துண்டில் சுற்றி, பலாப்பழம் மாதிரி தோளில் வைத்துத் தூக்கி வந்தேன். ரங்கத்தில் கரண்ட் கிடையாது. டிரான்சிஸ்டருக்கு அது தேவையும் இல்லை. திருகினேன். கொழும்பு பேசியது. தமிழில்! செண்பகம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விளம்பரத்துக்குக்கூடச் சிரித்தாள். கப்பல் பேச்சு நின்றது. மனிதன் செய்த சாமான்களிலேயே உன்னதமானது ரெடிமேட் சாமான்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நிம்மதி, ரங்கத் ஸ்டோரில் சரக்கு சரிபார்க்க ஆபீசில் அண்ணாச்சியை அனுப்பி வைக்கும் வரைக்கும்தான் நீடித்தது.

காலையில் டயர் செருப்போடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்து இறங்கினார். காபி கொடுத்துவிட்டு, "ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி நான் ஆபீசுக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட வந்தால், நடுக்கூடத்தில் பேப்பர் விரித்து, அதன் மேல் என் டிரான்சிஸ்டர் கிடந்தது. முழு டிரான்சிஸ்டராக இல்லை. திருகாணி ஒரு குவியல், கம்பிச் சுருள் ஒரு குவியல், பெட்டி ஒரு மூலை. நடுவில் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் இரும்பை அடுப்புக் கரியில் பழுக்க வைத்துக்கொண்டு அண்ணாச்சி. சமையலறை வாசலில் செண்பகம், இழவு வீட்டில் நிற்பவள் மாதிரி.

"என்ன அண்ணாச்சி இது?"

"மழை நேரத்துல கொஞ்சம் கரகரங்குதுன்னு தங்கச்சி சொல்லிச்சு. ரெடிமேட்ல அப்படித்தான் இருக்கும். அதான் என்னன்னு பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்." இரும்பைக் கரியில் ஒரு புரட்டுப் புரட்டினார். பிறகு, "வால்வுன்னா இந்தச் சூட்டைத் தாங்கும்வே. இது என்னடான்னா, இரும்பைக் கொண்டுபோன ஒடனே செத்துப்போச்சு. பூஞ்சை ஒடம்பு" என்றார்.

"யாரு அண்ணாச்சி செத்தது?"

அவர் உள்ளங்கையில் மிளகு மாதிரி ஒன்றைக் காட்டினார். மூன்று காலோடு. அதற்கு மாற்று மெட்ராசிலிருந்துதான் வர வேண்டும்.

நான் வாழ்க்கையிலேயே உரக்கக் கத்திய நாள் அதுதான். "உங்களை யாரு தொறக்கச் சொன்னா? பாடிக்கிட்டிருந்த பொட்டியைத் தொறந்து பாக்குற வியாதி எப்ப தீரும் உங்களுக்கு? அடுத்த போட்லயே நான் போயி வேற ஒண்ணு வாங்கிட்டு வர்றேன். தயவுசெஞ்சு இதைத் தொடாதீங்க."

அண்ணாச்சி திருகாணிகளை ஒவ்வொன்றாக ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்துப் போட்டார். "வாங்கும், வேண்டாங்கல. ஆனா இது என் கையில போன உசிரு. இதைப் பாட வச்சுட்டுத்தான் நான் இங்கேருந்து போட் ஏறுவேன்" என்றார்.

இரண்டாவது ரேடியோ வாங்கும் வசதி எனக்கு இல்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். அந்தப் பாகத்தை வரவழைக்கும்படி போட்காரர் மூலமாக மரைக்காயருக்குச் சொல்லி அனுப்பினோம். அண்ணாச்சி தன் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் வீட்டு முன்னறையில் தங்கிவிட்டார்.

புதுசாகக் கல்யாணம் ஆனவன் வீட்டில் ஒரு மனிதர் வாரக்கணக்கில் தங்கினால் எப்படி இருக்கும்? அதுவும் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். கதவு கிறீச்சிடுகிறது என்று கழற்றி மாட்டினார். அதன்பிறகு அது வெளிப்பக்கம் திறந்தது. தெரியாமல் உள்ளே தள்ளித் தள்ளி என் தோள்பட்டை வீங்கியது. அடுப்பை இடித்துவிட்டுப் 'புகையில்லா அடுப்பு' போட்டார். சமையலறையில் புகையில்லை, உண்மைதான். எல்லாம் நான் ஃபைல் பார்க்கும் அறைக்கு வந்தது.

ஆனால் பேச்சு! அண்ணாச்சி தூங்கும்போதுதான் வாயை மூடுவார். செண்பகம் முதலில் கோபத்தில் முகம் கொடுக்கவில்லை. அவர் தன் ஊர்க் குழம்பான சொதி வைக்கிறேன் என்று தேங்காய்ப்பால் பிழிய ஒரு மர யந்திரம் செய்தார். அதைத் திருகியதும் பால் முழுவதும் சுவரில் அடித்தது. அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி! உங்களுக்குக் கூறு இருக்கா? கையால பிழிஞ்சா கொறஞ்சா போவும்?"

"கைவலிக்கும்லா தாயி."

"இப்ப செவுரைத் தொடைக்க எனக்குக் கைவலிக்காதா? எந்திரிங்க. நீங்கதான் தொடைக்கணும். அங்கன, அந்த மூலையும்."

அவர் துடைத்தார். துடைத்துக்கொண்டே, சொதிக்கு இஞ்சியை எப்போது போடுவது என்பதில் அவளோடு சண்டை பிடித்தார். பாளையங்கோட்டைக்காரனுக்குச் சொதியைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். தென்காசிக்காரிக்குச் சாரலைத் தவிர என்ன தெரியும் என்று அவர் கேட்டார். நான் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தபோதும் அந்தச் சண்டை முடிந்திருக்கவில்லை. தெருமுனை வரைக்கும் கேட்டது.

தேங்காய் போதவில்லை என்று அவளைப் பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம், எல்லோருக்கும் 'தீதி'யிடம், கூட்டிப்போனவரும் அவர்தான். அவருடைய ஹிந்தியும் அவரே தயாரித்துக்கொண்டதுதான். "தீதி, நாரியல் ஏக் தேவோ. ஹமாரா தங்கச்சி சொதி பனாத்தா ஹை. பஹுத் ருசி ஹை" என்று அவர் அடித்துவிட, அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். செண்பகமும் சிரித்தாள். சொதி ஒரு கிண்ணம் அங்கே போனது, மீன் குழம்பு ஒரு கிண்ணம் இங்கே வந்தது. அப்புறம் தீதி அவளாகவே வர ஆரம்பித்தாள். செண்பகம் இன்றைக்கும் பேசுகிற ஹிந்தி அண்ணாச்சியின் ஹிந்திதான். வடநாட்டுக்காரர்கள் யாராவது கேட்டால் ஒரு நிமிஷம் திகைத்துப் போவார்கள்.

எனக்கு மட்டும் எரிச்சல் அடங்கவில்லை. தோள் வீக்கம், கண்ணெரிச்சல், முன்னறைக் குறட்டை. அந்தப் பாகம் சீக்கிரம் வந்து, இந்த மனிதர் போய்த் தொலைந்தால் போதும் என்று ஒவ்வொரு போட்டுக்கும் படகுத் துறையில் போய் நின்றேன்.

ஒரு வழியாக வந்தது. கூடவே போட்காரர் மரைக்காயரின் சேதியையும் வாயால் ஒப்பித்தார்: "ரேடியோ விக்கிறதைவிட, அண்ணாச்சி தொறந்து பார்த்த ரேடியோவுக்குச் சாமான் விக்கிறதுலதான் வருமானம் ஜாஸ்தியாம். அவரை இன்னும் நாலு வீட்டுக்குப் போகச் சொன்னார்."

அண்ணாச்சி அதற்குச் சிரிக்கவில்லை. அன்று காலை அவர் பேசவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அந்த மிளகின் காலை ஈரத் துணி சுற்றிய இடுக்கியால் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல இரும்பால் ஒரு தொடு தொட்டார். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் நின்றது. செண்பகம் முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாள். சிரட்டையிலிருந்த திருகாணி எல்லாம் உள்ளே போயின. ஒன்று மிஞ்சியது. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திருகினார். கொழும்பு பாடியது. பக்கத்து அறையிலிருந்து பாடுவதுபோல, அவ்வளவு தெளிவாக. நியாயமாகச் சொன்னால் புதுசில்கூட அது அப்படிப் பாடியதில்லை. சத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் மட்டும் இனிமேல் குறைக்கிற பக்கம் திருப்ப வேண்டும்.

மறுநாள் போட்டில் ஏறினார். செண்பகம் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். "இஞ்சி போட்டியா?" என்று கேட்டார். "புளியோதரைக்கு யாராவது இஞ்சி போடுவாங்களா?" என்று படகுத் துறையிலேயே சண்டை ஆரம்பித்தது. போட் நகர்ந்த பிறகும் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தோம். கதவை வெளிப்பக்கம் இழுத்துத் திறந்தேன். டிரான்சிஸ்டரைப் போட்டேன். அது பாடியது, பேசியது, விளம்பரம் சொன்னது. செண்பகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்போல அதன் எதிரில் வந்து உட்காரவில்லை. கப்பல் பேச்சையும் எடுக்கவில்லை. நானாகவே ஒருநாள், "சொதிக்கு இஞ்சி எப்பத்தான் போடணும்?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் விளக்கம் சொன்னாள்.

சில மாதம் கழித்து, வீட்டுக்குப் புது ஆள் ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தது. பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாயா என்று கேட்டேன். தீதி பார்த்துக்கொள்வாள், இங்கேயே இருக்கிறேன் என்றாள். நான் பூரித்துப்போய், "மரைக்காயர் கடையில நல்ல தொட்டில் வந்திருக்காம். மெட்ராஸ் சரக்கு, பாலிஷ் எல்லாம் போட்டது. சொல்லி அனுப்பட்டுமா?" என்றேன்.

"ரெடிமேடா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். "வேண்டாம். அண்ணாச்சியை வரச் சொல்லுங்க. அவரு செய்வாரு."

"அவரு செஞ்சா கோணலா இருக்கும் செண்பகம்."

"இருக்கட்டும்."

"மாசக்கணக்குல இழுத்தடிப்பாரு. இங்கேயேதான் தங்குவாரு."

"தங்கட்டும்," என்றாள்.

தபால் கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தால் இந்த முறை எதை இடிப்பாரோ, எதைக் கழற்றுவாரோ என்ற கவலை ஒரு பக்கம் இருந்தது. 'அன்புள்ள அண்ணாச்சிக்கு' என்று எழுதி முடிப்பதற்குள், அடுத்த போட் என்றைக்கு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.